பத்தாவது மத்தியானம்

எங்கள் ஷூ கம்பெனியில் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். ஊதியதும் எல்லாரும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடுவார்கள். நான் மட்டும் நிழலுக்குப் போகாமல் வெயிலில் நின்று தலையை அண்ணாந்து வானத்தைப் பார்ப்பேன். எல்லா நாளும் இல்லை. என் வீட்டுக்காரர் கடிதத்தில் குறித்து அனுப்பிய நாட்களில் மட்டும்.

"இன்னாக்கா, மேலயே பாக்குற? மாமா ஏரோப்ளேன்ல வந்து எறங்கறாரா?" என்று பக்கத்து மிஷின்காரப் பெண் கேட்பாள்.

"ஏரோப்ளேனுக்கும் மேலடி."

"அதுக்கும் மேலன்னா கர்த்தர்தான் இருக்காரு. சோத்தத் துன்னுட்டு அவரப் பாரு, வா."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு மரத்தடிக்கு வந்து உட்காருவேன். அவர்களுக்கு எப்படிச் சொல்வது? எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அவர் நாலைந்து கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதிய பிறகுதான் எனக்கே கொஞ்சம் விளங்கியது.

இது எண்பதுகளின் தொடக்கத்தில். அதற்கு முன்னால் அவர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் லேப்பில் உதவியாளராக இருந்தார். தொட்டிகளிலிருந்து வெளியே போகிற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, அதில் மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மூச்சு என்பது என் சொல். அவர் ஆக்சிஜன் என்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் பாலாற்றோரம் சாக்கடை சேருகிற குட்டையின் தண்ணீர். கண்ணாடி மூடி போடும்போது உள்ளே ஒரு குமிழ்கூட நிற்கக்கூடாது, நின்றால் பாட்டில் பொய் சொல்லும் என்றார். இரண்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினார். குழாய்த் தண்ணீர் பட்டை நிறத்தில் திரிந்தது. குட்டைத் தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி வெள்ளையாகவே நின்றது.

"பழுப்பா வந்தா மூச்சு இருக்கு. வெள்ளையா நின்னுச்சுன்னா ஒண்ணுமில்ல. மீன் அதுல பொழைக்காது" என்றார். அவர் கை ஒரு துளிகூட நடுங்கவில்லை. கையைப் பார்த்துத்தான் எனக்கு அவர் மேல் ஆசை வந்தது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதுதான் உண்மை.

அந்தக் கைதான் அவரைக் கடலுக்கும் கொண்டுபோனது. மேற்குக் கரையில் கேரளத்துப் பக்கம் ஒரு கடல் ஆராய்ச்சி ஆபீசில், ஆடுகிற படகில் நின்று இந்தச் சோதனையைச் செய்ய ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த டேனரி லேப்பின் பெரிய கெமிஸ்ட் இவர் பெயரைச் சொல்லிவிட்டார். மகளுக்கு அப்போது எட்டு மாதம். ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிளாட்பாரத்தில் ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

அங்கே என்ன வேலை என்று அவர் எழுதியதை என் வார்த்தையில் சொல்கிறேன். அந்தக் கரையில் மழைக்காலத்தில் அடித்தண்ணீர் கரையை நோக்கி ஏறி வரும். அதில் மூச்சு கம்மி. கண்ணுக்குத் தெரியாத பாசியும் கடலில் படரும். அது செத்து அடியில் போய் அழுகும்போது, மிச்சமிருக்கும் மூச்சையும் தின்றுவிடும். நண்டும் இறாலும் மூச்சு முட்டிக் கரையோரம் வந்து குவியும். சனங்கள் கூடையோடு ஓடிவந்து சந்தோஷமாக வாரிக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு பல நாளைக்கு வலையில் ஒன்றும் விழாது. எந்தப் பக்கம், எந்த வாரம் இப்படி ஆகும் என்று ஆபீசர்கள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கணக்கு அடிக்கடி தப்பிப்போனது. அதைச் சரி செய்யத்தான் செயற்கைக்கோள்.

"அது நடுப்பகலில் நம் தலைக்கு மேல் போகும்போது கடலைப் படம் பிடிக்கும். மேலே இருக்கும் பச்சை அதற்குத் தெரியும். அடியில் இருக்கும் மூச்சு தெரியாது. அதே நேரத்தில் நாங்கள் அடித்தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்போம். படத்தையும் பாட்டிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவர்கள் கணக்கு நேராகும். நம் வீட்டுத் தொட்டியில் மேலே பச்சை பிடித்தால் அடியில் நாறுமே, அப்படி வைத்துக்கொள்" என்று எழுதியிருந்தார்.

ஒரே ஒரு தொல்லை. மேகம் வந்துவிட்டால் மேலிருந்து கடல் தெரியாது. அன்றைக்குப் பிடித்த பாட்டில் தனியாளாக நிற்கும். அந்தக் கரையிலோ அந்த மாதங்களில் மேகம் இல்லாத மத்தியானம் அபூர்வம். மேகமில்லாத மத்தியானம் பத்து கிடைத்தால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஆபீசர் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் அடுத்த வருஷ மழைக்காலம் முடியும் வரை இருக்க வேண்டும்.

அதனால்தான் நான் வானத்தைப் பார்த்தேன். செயற்கைக்கோள் என் கண்ணுக்குத் தெரியாது என்று தெரியும். ஆனாலும் அவர் தண்ணீர் பிடிக்கக் கடலில் கயிறு இறக்குகிற அதே நேரத்தில் அவருக்கு மேலே போகிற ஒன்று, கொஞ்சம் தள்ளி என்னையும் பார்க்கும் அல்லவா? சபை காலண்டரில் அந்த நாட்களுக்கு வட்டம் போட்டு வைத்திருந்தேன். வட்டம் போட்ட நாளில் காலையிலேயே முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இன்னிக்கு மேகம் வேணாம்" என்று கேட்பேன். கடிதம் வர ஐந்தாறு நாள் ஆகும். "கிடைத்தது" என்று ஒரு வரி இருந்தால் வட்டத்துக்குள் பேனாவால் குறுக்குக் கோடு போடுவேன்.

முதல் வருஷம் நாலு கிடைத்தது. நடுவில் ஒரு தரம் நாலு நாள் லீவில் வந்தார். மகள் அவரைப் பார்த்ததும் என் புடவைக்குள் புகுந்துகொண்டாள். "யாரும்மா இது?" என்று கேட்டாள். மூன்றாம் நாள்தான் அவர் கையிலிருந்து பிஸ்கட் வாங்கினாள். நாலாம் நாள் ரயில். அதன் பிறகு காலி இருமல் மருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்து விளையாடுவாள். "குமிழ் நிக்குது பாரு, அப்பா திட்டுவாரு" என்று தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பாள். திட்டுகிற அளவுக்கு அவர் அவளோடு இருந்ததே இல்லை.

இரண்டாவது வருஷம் செப்டம்பர் பாதிக்குள் ஐந்து கிடைத்துவிட்டது. ஆக ஒன்பது. ஒன்றே ஒன்று பாக்கி. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன், மகளுக்கு நானே சட்டை எடுப்பேன் என்று எழுதினார். அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்த வருஷம்தான் எங்கள் ஊரில் மழை இல்லாமல் போனது. பாலாறு எப்போதும் மணல்தான், அது பழகிப்போன விஷயம். ஆனால் கிணறுகளும் இறங்கிவிட்டன. இறங்க இறங்கத் தண்ணீர் கரித்தது. டேனரி உப்பெல்லாம் அடியில் வந்து சேர்ந்த மாதிரி, வாயில் வைக்க முடியவில்லை. குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டார்கள். விட்டால் அரை மணி நேரம்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா இருந்தார்கள், ஆபா என்று கூப்பிடுவேன். வீட்டில் உருது, எங்களோடு தமிழ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள். நான் கம்பெனிக்குப் போனால் மகள் அவர்கள் வீட்டில்தான் இருப்பாள். அவர்களிடம் மட்டும் ஒருநாள் என் மனசிலிருந்ததைச் சொன்னேன்.

"ஊரே மழ வேணும்னு கெடக்குது ஆபா. நான் டெய்லி மேகம் வேணாம்னு ஜெபம் பண்றேன்."

ஆபா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"அரே, இதுக்கா இவ்ளோ பேஜார் ஆவுற? அங்க வெயிலு, இங்க மழைன்னு கரெக்டா கேளு. அல்லாக்கு அட்ரஸ் தெரியாதா?"

"மேகம் அங்கேருந்துதானே ஆபா வருது. அங்க இல்லன்னா இங்க எப்பிடி வரும்?"

சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் மேற்கே பார்த்தார்கள். "அது ஒண்ணு இருக்குது" என்று முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் எங்கள் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள், மழைக்காக. அதே வாரம் முஸ்லிம் சனங்களும் மைதானத்தில் தொழப் போவதாக ஆபா சொன்னார்கள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இப்படி உபவாசம் வைத்தால் பெண்கள் தெருத் தெருவாக முறை வைத்து ஜெபத்தை நடத்துவார்கள். அந்தத் தெருவிலிருந்து ஒருத்தி எழுந்து எல்லாருக்காகவும் சத்தமாக ஜெபிக்க வேண்டும். மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். எங்கள் தெருவுக்குக் கடைசி நாள் வந்தது. வியாழக்கிழமை, மத்தியானம். காலண்டரில் அந்த வியாழக்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. அந்த வருஷத்தின் கடைசி வட்டம்.

ஆயர் வீட்டம்மாவை நாங்கள் ஐயரம்மா என்போம். அவர்களிடம் போய், எனக்கு உடம்பு சரியில்லை, வேறு யாரையாவது நடத்தச் சொல்லுங்கள் என்றேன்.

"ஒடம்புக்கு இன்னா?"

நான் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஒன் தொண்டதான் நல்லா கேக்கும். வந்து நில்லும்மா. ரெண்டு வார்த்த சொன்னா போதும்" என்று என் கையைத் தட்டி அனுப்பிவிட்டார்கள்.

அன்று கம்பெனியில் அரை நாள் லீவு. சொல்லிவிடலாம், வாய்தானே சொல்லப்போகிறது, மனசு அவரோடு இருக்கட்டும் என்று எண்ணிக்கொண்டுதான் விடிந்ததும் குழாய்க்குப் போனேன். எனக்கு முன்னால் நாற்பது குடம். ஆபாவின் இரண்டு குடம் நிறைந்தது. அடுத்தது என் முறை என்னும்போது குழாய் சீறியது, காற்று வந்தது, நின்றுவிட்டது. நான் காலிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். பின்னாலேயே ஆபா வந்து, ஒரு குடத்தை என் வாசற்படியில் இறக்கினார்கள். அவர்கள் வீட்டில் ஏழு பேர். எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

"வேணாம் ஆபா. நாங்க கெணத்துத் தண்ணிய வச்சி..."

"கொழந்தைக்கு அதக் குடுப்பியா? ஜாஸ்தி பேசாத" என்றார்கள். ஒரு குடத்தோடு தங்கள் வாசலுக்குள் போனார்கள்.

அந்தக் குடத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் சபைக் கோயிலில் பாய் விரித்துப் பெண்கள் முழங்காலில் இருந்தோம். ஐயரம்மா என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். அப்போதுதான் கம்பெனிச் சங்கு ஊதியது. எனக்கு அந்தக் கடல் தெரிந்தது. நான் பார்த்தே இராத கடல். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கயிற்றில் ஒரு பித்தளைக் குண்டை வழுக்கி விட்டால் அது அடியில் போய் மோதி, தண்ணீர் பிடிக்கிற குழாயின் வாயை மூடும் என்று எழுதியிருந்தாரே, அந்தக் குண்டு அவர் கையில் இருக்கிறது. அண்ணாந்து பார்க்கிறார்.

வாயால் மட்டும் ஜெபிக்க எனக்குத் தெரியவில்லை. "ஆண்டவரே, மழையத் தாங்க" என்றேன். "இன்னிக்கே தாங்க. எங்கள யோசிக்காதீங்க. எங்க இருந்தாலும் அந்த மேகத்த இங்க கொண்டாந்து வுடுங்க" என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. ஐயரம்மா எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் எல்லாரும் ஆமென், ஆமென் என்றார்கள்.

வெளியே வரும்போது ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. "ஊருக்காவ எவ்ளோ பாரம் பாரு இவளுக்கு." நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஏலகிரிப் பக்கம் கறுத்தது. முதலில் மண்வாசனை, பிறகு காற்று, பிறகு மழை. தகரத்தின் மேல் கல் கொட்டுகிற மாதிரி சத்தம். ஆபா வீட்டிலிருக்கும் குடம், அண்டா, குண்டான், டம்ளர் வரைக்கும் தெருவில் கொண்டுவந்து வைத்தார்கள். "தங்கச்சி, ஒன் அண்டாவத் தூக்கினு வாடி! நின்னுகினு இன்னா பாக்குற?" என்று கத்தினார்கள். மகள் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்தாள். நான் அண்டாவை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றேன். சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முள் இருந்தது.

எட்டாம் நாள் கடிதம் வந்தது.

"வியாழக்கிழமை பதினொன்றரை வரைக்கும் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பத்தும் ஆகிவிட்டது என்றே நினைத்தேன். கயிறு இறக்கும்போது ஒரு மேகம் வந்து நேராகத் தலைக்கு மேல் நின்றது. ஒரு மணி நேரம் அசையவில்லை. அன்று பிடித்த பாட்டிலில் மருந்து விட்டேன். அவ்வளவு வெள்ளையை நான் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் மூச்சு துளியும் இல்லை. இரண்டு வருஷமாக அவர்கள் தேடிய தண்ணீர் அதுதான். மேலிருந்து யாரும் பார்க்கவில்லை. அடுத்த வருஷமும் இருக்கச் சொல்கிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்."

கோயிலில் நான் ஜெபித்ததையும் சொல்லி, ஆபாவிடம் படித்துக் காட்டினேன். அன்று அவர்கள் ஒரு வார்த்தை ஜோக் அடிக்கவில்லை. "நான்தான்டி காலங்காத்தால அந்தக் கொடத்தக் கொண்டாந்து ஒன் வாசல்ல வச்சேன்" என்று சொல்லிவிட்டு, என்னைவிட அதிகமாக அழுதார்கள். அவருக்கு நான் இதையெல்லாம் எழுதவில்லை. கிணறு ஏறியிருக்கிறது, தண்ணீர் கரிக்கவில்லை என்று மட்டும் எழுதினேன்.

அந்தக் கிறிஸ்துமஸும் போனது. மகள் பேச்சு திருந்திப் பேசினாள், சண்டே கிளாஸில் பாட்டுப் பாடினாள், ஒரு பல் உடைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் எழுதுவேன். கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் வேறொன்றைக் கற்றிருப்பாள். வட்டம் போட்ட நாட்களில் வழக்கம்போல வெயிலில் நின்றேன். ஆனால் அதற்கப்புறம் மேகம் வேண்டாம் என்று கேட்கவே இல்லை. "அவரப் பாத்துக்கங்க" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த நவம்பரில் வேலையை முடித்துக்கொண்டு வந்தார். முகம் கருத்து, உதடு வெடித்திருந்தது. மகள் ஒளியவில்லை. தூரத்தில் நின்று மரியாதையாகத் தோத்திரம் சொன்னாள், சபை ஊழியக்காரர் வீட்டுக்கு வந்தால் சொல்வாளே, அந்த மாதிரி. அவர் அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியைத் திறந்தார். சுருட்டி வைத்திருந்த ஒரு படத்தை எடுத்தார்.

"கணக்கு சரியாச்சாங்க?" என்று கேட்டேன்.

"கிட்ட வந்துருக்கு. எந்தப் பக்கம் மீனுக்கு மூச்சு முட்டும்னு முன்னாடியே சொல்றாங்க. கரெக்டா இல்ல. முன்ன பின்ன ஆவுது. ஆனா முன்னவிட பரவால்ல" என்றார். "இது ஆபீசுக்கு ஒதவாத படம். போன வருஷம் அந்த வியாழக்கெழம எடுத்தது. ஞாபகத்துக்கு வச்சிக்கோன்னு குடுத்தாங்க."

பாயில் விரித்தார். கடல் நீலமாகவும் பச்சையாகவும் இருந்தது. கரையை ஒட்டி ஓரிடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. கரைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கன்னங்கறுப்பு.

"நீங்க எங்க இருக்கீங்க?"

வெள்ளைத் திட்டின் நடுவில் விரலை வைத்தார்.

"நாங்க?"

"தரை அவங்களுக்கு வேணாம். கணக்குல கடல் மட்டுந்தான். அதனால தரையெல்லாம் கறுப்படிச்சிடுவாங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மூன்று வருஷம் சங்கு ஊதினதும் வெயிலில் போய் நின்றேனே, அந்த இடம் எல்லாம் ஒரே கறுப்பு.

கம்பெனியில் தோலின் மேல் தையல் கோடு போட எங்களுக்கு ஒரு பேனா கொடுப்பார்கள். கறுப்புத் தோலில் வெள்ளிக் கம்பி மாதிரி எழுதும். என் பையில் ஒன்று இருந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கரையிலிருந்து விரலால் அளந்துகொண்டே வந்தார். "ஜோலார்பேட்ட இங்க வரும். அப்ப நம்ம ஊரு... இங்க" என்று ஒரு புள்ளி வைத்தார். கறுப்பில் அது நட்சத்திரம் மாதிரி மின்னியது.

அப்போதுதான் சொன்னேன். வியாழக்கிழமை, சங்கு, ஜெபம், ஆபாவின் குடம், எல்லாவற்றையும். அவர் பாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அடிப்பாவி, நீதானா அந்த மேகத்த அனுப்புனவ?" என்றார். விரல் வெள்ளைத் திட்டுக்குப் போனது. "ஒரு மணிக்கு மேல அது நவுந்துச்சு. கெழக்கால போச்சு. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. சரி, போறது போது, நம்ம ஊருக்காவது போவட்டும்னு பாத்துகினு நின்னேன்."

அவர் தலைக்கு மேல் நின்ற மேகத்தில்தான் அன்று சாயங்காலம் நான் நனைந்தேனா? வேறு மேகமாகவும் இருக்கலாம். படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஒரு மாதிரி நம்பிக்கொண்டேன்.

மகள் இதற்குள் கிட்டே வந்துவிட்டாள். பேனாவை வாங்கி, "அப்பாவுக்கும் வைக்கணும்" என்று வெள்ளைத் திட்டின் நடுவில் அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள். மேகத்தின் மேல் மை தெரியவில்லை. "காணோம்" என்று முகத்தைச் சுளித்தாள். அவளுக்கு விவரம் தெரிந்த பிறகு முதல் முறையாக அவர் அவளைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, படத்தை ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தார். அப்போது தெரிந்தது.

அவர் கர்த்தரிடம் போய்ச் சில வருஷம் ஆகிறது. படம் என் பீரோவில் இருக்கிறது. ஓரமெல்லாம் பொடிந்துவிட்டது, பச்சை வெளுத்துவிட்டது. கறுப்பில் இருக்கும் புள்ளி எப்போது எடுத்தாலும் கண்ணில் படும். மேகத்தில் இருக்கும் மற்றதைப் பார்க்க வேண்டுமானால் மத்தியானத்தில் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறேன்.